கம்ப்யூட்டர் கேபினெட் ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது?

ஆறு ஃபேன் சுற்றும், கலர் கலராக விளக்கும் எரியும். ஆனாலும் கேமைத் திறந்த பத்தாவது நிமிடம் கிராபிக்ஸ் கார்டு இரைய ஆரம்பித்துவிடும். இப்படி வரும் கேபினெட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் மாட்டியிருக்கும் திசை. மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியே வரும். இறக்கைகள் மறைப்பில்லாமல் தெரியும் பக்கம் உள்ளே இழுக்கும். 'ரிவர்ஸ்' என்று விற்கும் ஃபேன்களில் மட்டும் இது நேர்மாறு. சந்தேகமா? ஒரு டிஷ்யூ துண்டைக் கிட்டே பிடியுங்கள். இழுக்கும் பக்கம் ஒட்டிக்கொள்ளும், தள்ளும் பக்கம் படபடக்கும்.

முன்னால் இழுக்க இரண்டு, பின்னால் தள்ள ஒன்று, மூன்றும் 120 மி.மீ. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். மேலே இடம் காலியாக இருக்கிறதே என்று அதையும் நிரப்புவதில்தான் வம்பு. மேல்தட்டின் முன்பாதியில் வெளியே தள்ளும் ஃபேன் இருந்தால், முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்றை அது சிபியூ கூலரை (பிராசஸரைக் குளிர்விக்கும் பாகம்) எட்டும் முன்பே உறிஞ்சி வெளியேற்றிவிடும். மேலே ஒன்று வேண்டும்தான் என்றால் பின்மூலையில் மாட்டுங்கள்.

இழுப்பதைவிடத் தள்ளுவது அதிகமானால் கேபினெட் கிடைத்த சந்திலெல்லாம் காற்றை இழுக்கும். அங்கே ஃபில்டர் ஏது? தூசி நேராக உள்ளே படியும். முன்பக்க ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான்.

காற்று போதுமா என்று பார்க்க, பக்கக் கதவு மூடிய நிலையில் அரை மணி, கழற்றிவிட்டு அரை மணி, அதே கேமை ஓட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையில் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி என்றால் விட்டுவிடலாம். பத்து டிகிரி இறங்கினால் முன்பக்கம் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டுகளில் இது சகஜம். அதற்கு மேல் ஃபேன் வாங்கிப் பயனில்லை, வலை முகப்புள்ள கேபினெட்தான் தீர்வு.

3-pin இணைப்புள்ள ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் கத்தினால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) அந்த ஹெடரை, அதாவது மதர்போர்டில் ஃபேன் ஒயரைச் செருகும் இடத்தை, டிசி மோடுக்கு (வோல்டேஜை வைத்து வேகத்தை மாற்றும் முறை) மாற்றுங்கள். ஒரே ஹெடரில் பல ஃபேன்களை இணைக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயரில் அவற்றைக் கோக்கும் முன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு ஹெடரின் வரம்பு 1 ஆம்பியர்தான்.

புளோயரால் தூசி ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.