சொந்தப் பின்னொட்டு கேட்கும் மென்பொருள் அமைப்புகளுக்கு

கட்டற்ற மென்பொருள் அமைப்புகளின் டொமைன்களை, அதாவது இணைய முகவரிப் பெயர்களை, பராமரித்துவரும் எனக்கு, முகவரியின் கடைசியில் டாட் காம் போல வரும் புதிய பின்னொட்டுகளுக்கான 2026 விண்ணப்பச் சுற்றை, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு அறிவித்ததிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: டாட் ஆர்க் போல எங்கள் திட்டத்தின் பெயரிலேயே ஒரு பின்னொட்டை வாங்கிவிடலாமா? அண்மையில் இதைக் கேட்டவர்கள் சர்வர் வாடகையையே நன்கொடை திரட்டித்தான் கட்டுகிறார்கள்.

வாங்கிவிட்டால் என்றென்றைக்கும் நம்முடையது என்ற நம்பிக்கைதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். பின்னொட்டு யாருக்கும் சொத்தாவதில்லை. ஐகேனுடன் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டு அதை நடத்தும் பொறுப்பைத்தான் ஏற்கிறோம். விதியை மீறினால் அந்த ஒப்பந்தம் ரத்தாகலாம். 2012இல் 1,85,000 டாலராக இருந்து இப்போது 2,27,000 டாலராகியிருக்கும் கட்டணம் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கே. பெயர் கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதமல்ல. தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு 75 முதல் 85 விழுக்காடு வரை கட்டணச் சலுகை அறிவிக்கப்பட்டதைக் காட்டி வாதிடுகிறார்கள். பரிசீலனை முடிந்த பின் வரும் செலவை யார் தருவார்கள்? 2012 சுற்றில் வந்தவர்கள் ஐகேனுக்கு மட்டும் ஆண்டுக்கு 25,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். ரெஜிஸ்ட்ரியை, அதாவது அந்தப் பின்னொட்டில் வரும் எல்லாப் பெயர்களின் பதிவேட்டை, இயக்குவதும், பதிவுத் தரவை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைப்பதும் தனிச் செலவு. பெயரைக் கொண்டு தளத்தின் சர்வரைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் சேவை ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. தன்னார்வலர்களை நம்பி இதில் கையெழுத்திட முடியாது.

டாட் ஆர்க் லாபநோக்குள்ளவர்களிடம் கைமாறிவிடும் என்று அவர்கள் அஞ்சுவது நியாயமே. 2019இல் அதன் விலை உச்சவரம்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டு அதை நடத்தும் அமைப்பை ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் 113.5 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. 2020 ஏப்ரலில்தான் ஐகேன் அதற்கு அனுமதி மறுத்தது. ஆனால் விலை பல மடங்கு ஏறினாலும் ஒரு டாட் ஆர்க் பெயருக்கு ஆகும் செலவு சொந்தப் பின்னொட்டின் ஆண்டுச் செலவுக்கு அருகில்கூட வராது. விலையேற்றம்தான் கவலையென்றால், இன்றே பத்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

சொந்தப் பின்னொட்டு இருந்தால் போலித் தளங்கள் ஒழியும் என்பதும் சரியல்ல. மோசடி செய்பவர் டாட் காமில் ஒத்த பெயர் எடுப்பதை எந்தப் பின்னொட்டும் தடுக்காது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஜனவரியில் பெர்ல் மொழிக்கான பெர்ல்.காம் தளத்தின் பெயரே களவுபோய், பிறகு மீட்கப்பட்டது. உங்கள் டொமைன் இன்னும் ஒரு தனிநபரின் பெயரிலும், அவருடைய பழைய மின்னஞ்சலிலும்தானே இருக்கிறது? அதை அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். பெயரைப் பதிவுசெய்து தரும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனத்திலுள்ள கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும், பெயர் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்படுவதைத் தடுக்கும் பரிமாற்றப் பூட்டையும் போடுங்கள். கணக்கின் அணுகல் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். கையில் இருக்கும் நன்கொடையை, தயவுசெய்து, நிரல் எழுதுபவர்களுக்குக் கொடுங்கள்.