கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பும் முன்

கம்ப்யூட்டரில் கேம் திக்கித் திணறி ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்பதுதான். எங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேள்விகூட எழாது. சிங்கப்பூரிலிருந்து வரும் பெரியப்பா மகன் சூட்கேஸிலேயே ஒரு கார்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார், அது கேபினெட்டுக்குள் நுழையுமா, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தாங்குமா என்பதெல்லாம் பெட்டியைப் பிரித்த பிறகுதான் பேச்சுக்கு வரும்.

முதலில் ஒரு பிரேம், அதாவது திரையில் ஒரு கணம் தெரியும் படம், எப்படித் திரைக்கு வருகிறது என்று பார்ப்போம். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார் மேல் பட்டது, எந்தக் கதவு திறந்தது என்று பிராசஸர் கணக்குப் போட்டு, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு அதை வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் போடும். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. கார்டு ஒரு பிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்ததைத் தயார் செய்துவிடும், அதனால் இரண்டின் நேரத்தையும் கூட்டக் கூடாது, எது மெதுவோ அதன் நேரம்தான் கணக்கு. பிராசஸருக்கு 10 மில்லி நொடி, கார்டுக்கு 20 என்றால் நொடிக்கு 50 பிரேம். பிராசஸரை மாற்றி 5 ஆக்கினாலும் அதே 50 தான், காசு போனதுதான் மிச்சம். கார்டை மாற்றி 10 ஆக்கினால் 100 வரும். சரி, இன்னும் பெரிய கார்டு போட்டு 6 ஆக்கினால்? அப்போதும் 100 தான், இந்தத் தடவை கார்டு பிராசஸருக்காகச் சும்மா காத்திருக்கும்.

ஆக, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. பிரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு இலவச மென்பொருளைப் போட்டு, பிரேம் வேகத்தை மானிட்டரோடு கட்டிப்போடும் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, வழக்கமாகத் திக்குகிற இடத்தில் ஆடிப் பாருங்கள். அப்புறம் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். 1080-இல் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளி, 720-இல் 9.2 லட்சம்தான். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விடும், பிராசஸரின் கணக்கு மாறவே மாறாது. பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் கார்டின் மேல் பழி போடாதீர்கள்.

தேவகோட்டையில் என் அக்கா மகன் வைத்திருப்பது ஐ5-7400 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, ஒரே குச்சியாக 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். "கார்டு போயிருச்சு மாமா" என்றான். 720-க்கு இறக்கியும் எண்ணிக்கை அசையவில்லை, கார்டு அறுபது சதவீதத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. கேமில் வண்டியைத் திருப்பிப் புதுத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்தது. அதே கணத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், ரேமும் விளிம்பில்.

இங்கே நடப்பது இதுதான். ரேம் நிரம்பினால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நேரமாகும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி நொடி, முள் நகர்ந்து இடத்துக்குப் போகிற நேரம் தனி. கிட்டத்தட்ட லட்சம் மடங்கு வித்தியாசம். இப்படி இரண்டு மூன்று தடவை டிஸ்க்குக்குப் போய் வந்தால் 16.7 மில்லி நொடி எங்கே மிஞ்சும்? சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம் என்ற எண்) பார்க்க அழகாக இருந்தும் கேம் திக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் சுற்றுவது எதுவும் இல்லை, 0.1 மில்லி நொடி அளவில் முடிந்துவிடும். ரேமைக் கூட்டும்போது இன்னொரு 8 ஜிபி குச்சியைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் இரண்டு பாதை திறக்கும், அவனுடைய டிடிஆர்4-2400 ரக ரேமில் நொடிக்கு 19.2 ஜிபி என்பது 38.4 ஆகும். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது, கடைக்குப் போகும்போது பழைய குச்சியைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.

அடுத்தது வெயில். விசிறி எவ்வளவு பெரிதானாலும் கார்டை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. 22 டிகிரி ஏசி அறையில் சோதித்து 72 என்று விமர்சனத்தில் போட்டிருப்பார்கள். சித்திரை மாதம் மாடி அறை 36-இல் இருந்தால் அதே கார்டு 86-ஐத் தொடப் பார்க்கும். ஜிடிஎக்ஸ் 1060 போன்றவை 83 பக்கம் வந்ததுமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நாம் கார்டுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். நம் ஊர் வீடுகளில் முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவு வரை நேராகத் தெரியும், காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும், சூடு வளவு முற்றத்தின் வழியே மேலே ஏறிவிடும். கேபினெட்டுக்கும் அதே கணக்கு: முன்னால் உள்ளிழுக்கும் ஃபேன், பின்னாலும் மேலேயும் வெளித்தள்ளும் ஃபேன். ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டே கம்ப்யூட்டரைத் தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்! செம்மண் தூசு, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்கில் கம்பளிபோலப் படிந்திருக்கும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள், பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போடுங்கள். பாதி மெஷின்களுக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

எஸ்எம்பிஎஸ்ஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குள் மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்களின் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சூட்டில் மெல்ல உலரும் (மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கிற காரைக்குடியில் இதை விளக்க வேண்டியதில்லை), 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது துறையில் சொல்லும் கைக்கணக்கு. கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவு எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கலாம், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்றிருந்தால் அது வெறும் 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் கேட்கும், 65 வாட் பிராசஸரையும் சேர்த்தால் கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. மேலே சொன்ன சிங்கப்பூர் கார்டுகள் பாதி ஆட்டத்தில் மெஷினை அணைப்பது இதனால்தான்.

பிராசஸரைத் தனியாக மாற்றுவது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ஐ5-7400 இருக்கும் மதர்போர்டில் அதிகபட்சம் ஐ7-7700கே வரை போகலாம். கோர் அதே நான்குதான், திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை) மட்டும் எட்டாகும். இரண்டுமே விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றலாம். எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், கார்டு இவையெல்லாம் அடுத்த மெஷினுக்கும் கூடவே வரும்.

அக்கா மகனுக்கு இப்போதைக்கு எஸ்எஸ்டி-யும் ரேமும்தான். தெரு திரும்பும்போது உறைவது நின்றுவிட்டது, சராசரி பெரிதாக ஏறவில்லை, பிராசஸர் அதேதானே. அவன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 60 தடவைக்கு மேல் படத்தை மாற்றாது. அதனால் 144 ஹெர்ட்ஸ் வாங்குகிற எண்ணம் வரும்வரை புது கார்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.