பேட்டரிக்குள் வளரும் படலம்

போனை முழுக்கத் தீரவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. அந்த பேட்டரி போய்விட்டது, அறிவுரை மட்டும் போக மறுக்கிறது.

லித்தியம் அயனி பேட்டரியின் வேலை தெரிந்ததுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி எதிர்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். போய்வருவதுதானே, இதில் தேய்வதற்கு என்ன இருக்கிறது?

நடுவில் இருக்கும் திரவத்தைப் பாருங்கள். லித்தியம் உப்பைக் கரைத்த கரிமக் கார்பனேட் அது. சார்ஜ் ஏறிய கிராஃபைட்டைத் தொட்டால் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உடைந்துவிடும். அந்தக் கணக்குப்படி இந்த பேட்டரி ஓடவே கூடாது. ஆனால் உடைந்த துண்டுகள் லித்தியத்தோடு சேர்ந்து கிராஃபைட்டின் மேல் நானோமீட்டர் கணக்கில் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. அது லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. எலக்ட்ரான் கிடைக்காததால் திரவம் உடைவதும் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. வேலியே பயிரை மேய்வதைக் கேள்விப்பட்டிருப்போம். இங்கே மேய்ந்த மாடே வேலியாக நிற்கிறது!

எத்திலீன் கார்பனேட் என்ற வகைக் கார்பனேட்டில் இந்தப் படலம் நன்றாக அமைகிறது. ஒரே ஒரு கார்பன் அணு கூடுதலாக உள்ள புரொப்பிலீன் கார்பனேட்டில் அமைவதில்லை, கிராஃபைட் ஏடு ஏடாக உரிந்துவிடும். முதல் படலத்தைத் தொழிற்சாலையிலேயே உருவாக்கிவிடுவார்கள். அதனால் புது போனை எட்டு மணி நேரம் சார்ஜில் போடும் சடங்குக்கு அர்த்தமில்லை.

ஆனால் வேலியில் ஓட்டை விழும். லித்தியம் நிறையும்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்புகிறது. படலம் விரிசல் விடுகிறது. விரிசலில் புதுப் படலம் படிகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியம் அதில் மாட்டிக்கொள்கிறது. நாம் இழக்கும் கொள்ளளவில் பெரும்பங்கு அதுதான். இந்த பேட்டரிக்காக 2019இல் மூவருக்கு நோபல் பரிசு கொடுத்தாயிற்று. படலத்தின் அமைப்பு பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. புது பேட்டரி என்றால் பணம் கொட்டுகிறவர்கள் இந்தப் படலத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, நாம் என்ன செய்யலாம்? சூடுதான் முதல் எதிரி, படலம் வேகமாகத் தடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் போனை விடாதீர்கள். 100 சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்பதும் கெடுதல். அன்றாடம் 80 வரை ஏற்றினால் போதும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் உள்ளே நுழையாமல் உலோகமாக மேலேயே படிந்துவிடும்.

நாள்பட எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள், அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். அடியோடு வற்றிவிட்டால் கிராஃபைட்டைத் தாங்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும். அப்புறம் சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.