குருத்தெலும்பு ஏன் கறுக்கிறது?

"சித்தப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. திறந்து பார்த்தால் குருத்தெலும்பு முழுக்கக் கரி மாதிரி கறுப்பாக இருந்ததாம். டாக்டரே அசந்துபோய் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாராம். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. உண்மையில் அது என்னவாக இருக்கும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நேரில் பார்க்காதவருக்கு நான் நோய் சொல்லக் கூடாது. ஆனால் குருத்தெலும்பு கறுத்திருக்கிறது என்றதும் மூட்டு மருத்துவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் ஒன்று உண்டு: அல்காப்டோனூரியா. வயது ஐம்பதைத் தாண்டி, மூட்டை அறுத்துத் திறந்த பிறகுதான் இந்த நோய் இருப்பதே தெரியவந்தது என்னும் குறிப்புகள் மருத்துவ இதழ்களில் அடிக்கடி வருகின்றன. சித்தப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது முழங்காலைப் பற்றி அல்ல. சிறுநீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, மூடாமல் இரவு முழுக்க வைத்தால் காலையில் என்ன நிறம் என்று கேட்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்களின் சிறுநீர் வெளியேறும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டு நிற்க நிற்க, மேல்மட்டத்திலிருந்து பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். காரத்தன்மை சேர்ந்தால் இன்னும் வேகம். குழந்தையின் ஈரத் துணியைச் சோப்பில் ஊறவைத்ததும் கறை போவதற்குப் பதில் கறுப்பு ஏறுகிறதே என்று கவனித்த தாய்மார்களால் சில இடங்களில் நோய் சீக்கிரமே பிடிபட்டிருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருப்பு, மீன், முட்டை, பால் என்று எதைச் சாப்பிட்டாலும் அதன் புரதத்தில் ஃபீனைல் அலனைன், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் இருக்கும். தேவைக்குப் போக மிஞ்சியதைக் கல்லீரல் படிப்படியாக உடைத்து எரிபொருளாக்கும். ஃபீனைல் அலனைன் டைரோசினாகும். டைரோசின் இரண்டு படி இறங்கி ஹோமோஜென்டிசிக் அமிலமாகும். ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட அதன் வளையத்தை ஒரு நொதி வெட்டித் திறந்துவிடும், அதற்குப் பின் சிக்கல் இல்லை. அல்காப்டோனூரியா உள்ளவர்களுக்கு இந்த வெட்டும் நொதிதான் வேலை செய்யாது. அதனால் அமிலம் தேங்குகிறது. சிறுநீரில் நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் இருக்க வேண்டியது, இவர்களுக்குச் சில கிராம் போகிறது.

அந்த வளையத்தில் எதிரெதிராக இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. ஆக்சிஜன் பட்டால் இவை ஹைட்ரஜனை இழந்து, குயினோன் என்ற துடிப்பான பொருளாக மாறும். குயினோன்கள் சும்மா இருக்காது, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கறுப்பு நிறப் பெருமூலக்கூறுகளாகிவிடும். வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுக்கிறதே, ஏறக்குறைய அதே வேதியியல்தான். வாழைக்காயில் ஒரு நொதி அதைச் செய்கிறது, இங்கே நொதியே தேவையில்லை.

குப்பியில் கறுப்பது இருக்கட்டும். ரத்தம் உடல் முழுக்க ஓடுகிறது, அதோடு அந்த அமிலமும் எல்லா உறுப்புகளுக்கும் போகிறது. அப்படியிருக்க மூட்டும் முதுகெலும்பும் ஏன் இந்த அளவுக்குப் பாழாகின்றன? 1866இல் ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ 67 வயது முதியவர் ஒருவரின் உடலைக் கூறாய்வு செய்து, குருத்தெலும்புகள் கறுத்திருப்பதை எழுதிவைத்தார். 'ஏன் அங்கே' என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் காலகர், ஆடம் டெய்லர் முதலானோர் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மூட்டுகளை வாங்கி, மெல்லிய சீவல்களாக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் துலங்கியது. எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

குருத்தெலும்பில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கொலாஜன் என்ற புரத இழைகள். மற்றொன்று அந்த இழைகளுக்கிடையே நீரைப் பிடித்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கான்கள். கொலாஜன் இழையை மிகப் பெரிதாக்கிப் பார்த்தால், 67 நானோமீட்டருக்கு ஒரு முறை பட்டை விழுந்திருப்பது தெரியும். மூலக்கூறுகள் ஒன்றை விட்டு ஒன்று தள்ளி அடுக்கப்பட்டிருப்பதால் வரும் பட்டை அது. இளம் வயதில் இந்த இழைகளைப் புரோட்டியோகிளைக்கான்களும் மற்றப் புரதங்களும் சுற்றிப் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வை இருக்கும் வரை கறுப்பு நிறமிக்குப் பிடிமானம் இல்லை. வயதாக ஆக, மூட்டு சுமை தாங்கித் தாங்கி, அங்கங்கே போர்வை விலகுகிறது. வெற்று இழை வெளியே தெரிகிறது. நிறமி அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ஆரம்பக் கட்டத்தில் அது ஒட்டும் ஒழுங்கைப் பார்த்தால், கொலாஜனின் பட்டை விழுந்த அதே இடைவெளியில்தான் படிந்திருக்கிறது! ஒரு முறை ஒட்டிவிட்டால், அடுத்தடுத்து வரும் மூலக்கூறுகளுக்கு அதுவே பிடிமானமாகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை, இது மேற்பரப்பில் தொடங்குவதில்லை. குருத்தெலும்பு எலும்போடு சேரும் அடிமட்டத்தில், சுண்ணாம்பு ஏறிய அடுக்கில், தனித்தனி செல்களைச் சுற்றித்தான் முதல் கறுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. அங்கிருந்து மேல்நோக்கிப் பரவுகிறது. மேலே பளபளவென்று வெள்ளையாக இருக்கும், கீழே கன்னங்கரேலென்று இருக்கும்.

நிறமி ஏறிய குருத்தெலும்பு விறைத்துப்போகிறது. நடக்கும்போது விழும் அழுத்தத்தை அதுவே வாங்கிக்கொள்வதால், கீழே உள்ள எலும்புக்குச் சுமை குறைகிறது. சுமை வராத எலும்பை உடல் வைத்திருக்காது. விண்வெளி வீரர்களின் எலும்பு மெலிவது இதனால்தான். எலும்பைத் தின்னும் செல்கள் குருத்தெலும்பின் அஸ்திவாரத்தையே அரித்துவிடுகின்றன. அடித்தளம் போனதும் விறைத்த கறுப்புத் தகடு விரிசல் விட்டு உடைகிறது. சில்லுகள் மூட்டு நீரில் உதிர்ந்து, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் குத்திக்கொண்டு நிற்கின்றன.

முதுகெலும்பில் இது இன்னும் முன்னதாகவே ஆரம்பித்துவிடுகிறது. முப்பதுகளில் இடுப்புப் பக்கம் வலி, அப்புறம் விறைப்பு. டிஸ்க்குக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு, செல்களும் குறைவு, பழுதைச் சரிபார்க்க ஆள் இல்லை. வளர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் உள்ள கொலாஜனும் ஆயுளுக்கும் புதுப்பிக்கப்படுவதில்லை என்றே சொல்லலாம். பிடித்த கறை பிடித்ததுதான். எக்ஸ்-ரேயில் டிஸ்க்குகள் ஒடுங்கி, சுண்ணாம்பு ஏறி, வரிசையாக வெள்ளைத் தகடுகளாகத் தெரியும். இதை அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற, முதுகெலும்பை விறைக்கவைக்கும் வேறொரு அழற்சி நோய் என்று நினைத்துப் பல வருடம் அதற்கான மருந்தைச் சாப்பிட்டவர்கள் உண்டு.

இந்த விளக்கத்தில் ஓர் இடறலும் இருக்கிறது. காதுமடல் குருத்தெலும்பும் நீலம் பாரித்துக் கறுக்கிறது, கண்ணின் வெள்ளையில் பழுப்புப் புள்ளி விழுகிறது. காதுமடல் எந்தச் சுமையைத் தாங்குகிறது? ஆகவே சுமை ஒன்றே காரணம் என்று முடிக்க முடியாது.

உலகில் சில லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மூட்டுத் தேய்மானம் குருத்தெலும்பின் மேற்பரப்பில் தொடங்குகிறதா, அடியில் எலும்போடு சேரும் இடத்தில் தொடங்குகிறதா என்பது பழைய சண்டை. அங்கே சிதைவின் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாது. அல்காப்டோனூரியாவில் இயற்கையே சாயம் போட்டுக் காட்டுகிறது. அப்படித் தேடும்போது இடுப்பு மூட்டின் அடி அடுக்கில், எலும்பை விடக் கெட்டியான சுண்ணாம்பு முனைகள் துருத்திக்கொண்டிருப்பது தென்பட்டது. சாதாரணத் தேய்மானம் உள்ள மூட்டுகளிலும் அதே முனைகள் இருக்கின்றன. உடைந்தால் மேலே உள்ள குருத்தெலும்பைக் கீறக்கூடிய முனைகள் அவை.

இதெல்லாம் பரம்பரையாக வருவது எப்படி என்பதைக் கண்டுபிடித்தவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட். அவர் பார்த்துவந்த ஒரு சிறுவனின் தாய் 1901இல் மீண்டும் பிள்ளை பெற்றார். பிறந்ததிலிருந்து துணியைக் கவனிக்கும்படி கேரட் சொல்லிவைத்திருந்தார். இரண்டு நாள் கழிந்ததும் கறை தெரிந்தது. ஆக, இது கிருமியால் தொற்றுவதல்ல, பிறவியிலேயே உள்ள வேதி வேறுபாடு. பெற்றோர் ரத்த உறவா என்று விசாரித்தார். ஆம், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள். மற்றக் குடும்பங்களிலும் அதுவே அடிக்கடி வந்தது. 1902இல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரைதான், மெண்டலின் ஒடுங்கு பண்பு விதி மனிதரிடமும் செல்லும் என்று காட்டிய முதல் கட்டுரை.

அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்ளும் ஊரில் இதை நாம் கொஞ்சம் நிதானமாகவே படிக்க வேண்டும். மரபணுவின் பழுதான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் பழுதாக வந்தால்தான் நோய். சொந்தத்துக்குள் திருமணம் நடந்தால் அந்த இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நரிக்குறவர் மக்களிடையே இந்த நோய் அதிகம் என்றும், காரணம் முன்னோர் ஒருவர் வழியாக வந்த ஒரே மரபணு மாற்றம் என்றும் 2014இல் ஆய்வு வெளியானது. ஐரோப்பாவில் ஸ்லோவாக்கியாவில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வட்டம் சிறிதாக இருந்தால் எந்தச் சமூகத்திலும் இப்படி நடக்கலாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வயதில் முதுகு வளைந்தால் அதைக் குடும்ப சாபம் என்பது, அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டிய உபயோகமான தகவலை மறைப்பதாகும்.

அந்த மரபணுவைப் பிடித்த கதை இன்னும் சுவை. ஸ்பெயினில் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் முதலில் பூஞ்சையில் அந்த நொதியின் மரபணுவைக் கண்டார்கள், அதை வைத்து 1996இல் மனித மரபணுவைப் பிடித்தார்கள். மருந்து வந்ததோ களைக்கொல்லியிலிருந்து! கலிஃபோர்னியாவில் 1977இல், பாட்டில் பிரஷ் செடியின் அடியில் களை அவ்வளவாக முளைக்காததை ஒரு வேதி நிறுவனத்தின் ஆய்வாளர் கவனித்தார். அந்தச் செடி சுரக்கும் பொருளைப் போலச் செயற்கையாகப் பல பொருட்களைச் செய்து பார்த்தார்கள். டைரோசினிலிருந்து ஹோமோஜென்டிசிக் அமிலம் உண்டாகும் படியையே அவை அடைத்துவிடுகின்றன. நமக்குத் தொல்லை தரும் அதே அமிலம் தாவரங்களுக்கு உயிர்நாடி. அதிலிருந்துதான் வைட்டமின் ஈ-யையும், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பிளாஸ்டோகுயினோனையும் அவை செய்துகொள்கின்றன. அது இல்லாமல் இலை வெளுத்துச் செத்துவிடும். அந்த வரிசையில் வந்த நிடிசினோன் என்ற பொருளை, டைரோசினீமியா என்ற கொடிய ஈரல் நோய் கொண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து உயிர் பிழைக்கவைத்த செய்தியை ஸ்வீடனில் ஸ்வென் லிண்ட்ஸ்டெட் குழுவினர் 1992இல் வெளியிட்டார்கள்.

பூஞ்சைக்கும் புல்லுக்கும் பணம் கேட்டவர்கள் யாரும் விண்ணப்பத்தில் 'மூட்டுவலி' என்று எழுதியிருக்க முடியாது. நம் ஊரில் ஆராய்ச்சி நிதிக்கு எழுதும்போது 'இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பத் தெரிந்தவர்களுக்கே பணம் என்றால், இந்த மருந்து வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அல்காப்டோனூரியாவுக்கு நிடிசினோன் சுலபமாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 40 பேரிடம் மூன்று ஆண்டு நடந்த சோதனையில் அமிலம் சரிந்தது, ஆனால் இடுப்பு மூட்டின் சுழற்சியில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. லிவர்பூலைச் சேர்ந்த லட்சுமிநாராயண் ரங்கநாத் தலைமையில் 138 பேரை வைத்து, நாளுக்கு 10 மில்லிகிராம் என்று நான்கு ஆண்டு பார்த்தார்கள். சிறுநீரில் அமிலம் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, நோய் முற்றும் வேகமும் தணிந்தது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் பெரியவர்களுக்கு இம்மருந்தை அனுமதித்தது. விலை ஒருபுறம் இருக்க, பாதையை மேலே அடைப்பதால் டைரோசின் தேங்கி, சிலருக்குக் கண்ணின் கருவிழியில் படிந்து எரிச்சல் தருகிறது. ஆகவே புரதத்தை அளந்து சாப்பிட வேண்டும், கண்ணைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உடைந்த குருத்தெலும்பை இது ஒட்டாது. அதனால் முடிந்தவரை முன்னதாகத் தொடங்குவது நல்லது என்கிறார்கள் ஒரு சாரார். வளரும் குழந்தைக்குப் பல பத்தாண்டுகள் டைரோசினை ஏற்றிவைப்பது சரியா என்று கேட்கிறார்கள் மறுசாரார். எந்த வயதில் தொடங்குவது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு வரவில்லை.