ராணியின் கன்னத்தில் யார் அடித்தது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி, பாட்டியின் சுருக்குப்பையில் கிடைத்த வெள்ளி ரூபாயைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். "1862 என்று போட்டிருக்கிறது. விக்டோரியா ராணியின் கன்னத்தில் நட்சத்திரம் போல ஒரு வடு. ஆண்டுக்குக் கீழே பொடிப் புள்ளிகள். விளிம்பில் ஒரு திட்டு. காசு முழுக்கக் கறுப்பு. இதெல்லாம் சேதமா, அபூர்வமா? புளி போட்டுத் தேய்க்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. அந்தக் கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு வினைபுரிந்து உண்டான வெள்ளி சல்பைடு. காசின் வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால், ராணியின் தலைமுடி இழைகளும் சேர்ந்து போய்விடும். இடுக்கில் பச்சை தெரிந்தால் அது செம்பின் வேலை. இந்த ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு.

இனி வடுக்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, உருப்பெருக்கியால் பாருங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: மேடா, பள்ளமா?

நாணயச்சாலையின் எஃகு அச்சில் எல்லாம் தலைகீழ். காசில் புடைத்து நிற்கும் ராணியின் மூக்கு அங்கே குழியாக இருக்கும். ஆகவே அச்சில் விழுந்த கீறல் காசில் மேடான கோடாக வரும். அச்சு விரிசல் விட்டால், அதில் வெள்ளி பிதுங்கி நரம்பு போலப் புடைக்கும். நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு பட்ட அடியோ பெரும்பாலும் பள்ளம்தான். உங்கள் புள்ளிகள் மேடாக இருக்கின்றன. அவை நாணயச்சாலை வேண்டுமென்றே வைத்தவை. 1862 என்ற ஆண்டை மாற்றாமலே பல ஆண்டுகள் ரூபாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். அச்சுகளைப் பிரித்தறியப் புள்ளிகள்.

கன்னத்து நட்சத்திரம் பள்ளம். அது சராப்புக்காரர், அதாவது காசைச் சோதித்து மாற்றித் தருபவர், உளியால் தட்டிய முத்திரை. வெள்ளிப் பூச்சுக்கு உள்ளே செம்பா ஈயமா என்று பார்க்கவும், 'நான் பார்த்துவிட்டேன், நல்ல காசு' என்று அடையாளம் வைக்கவும் தட்டுவார்கள். இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. நாணயம் சோதிப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே அந்தப் பட்டத்தோடு வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் இருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். உளி இறங்கும்போது வெள்ளி காணாமல் போவதில்லை, நகர்கிறது. ஏர் ஓடிய சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவதுபோல, பள்ளத்தைச் சுற்றி ஒரு வரப்பு எழும்பும். அந்த வரப்பு கூராக நின்றால், அடி விழுந்த பிறகு காசு அதிகம் கைமாறவில்லை. மழுங்கியிருந்தால், அதற்குப் பிறகும் எத்தனையோ சந்தை பார்த்திருக்கிறது. பள்ளத்தின் உட்புறம் மற்ற இடத்தைப் போலவே கறுத்திருந்தால் பழைய அடி. பளிச்சென்று இருந்தால் அண்மையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். காசைத் திருப்பி, வடுவுக்கு நேர் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே பூவேலை சற்றுத் தட்டையாகியிருந்தால், காசைப் பட்டறைக்கல் போன்ற கெட்டியான ஒன்றின்மீது வைத்துத்தான் தட்டியிருக்கிறார்கள்.

மேற்பரப்பு முழுக்கத் தேய்ந்து போன காசுக்கும் ஒரு வழி உண்டு. அச்சு அழுத்தியபோது உலோகம் எல்லா இடத்திலும் ஒரே அளவு நசுங்குவதில்லை. எழுத்து இருந்த இடத்தின் அடியில் படிகங்கள் ஒருவிதமாகவும், பக்கத்துச் சமவெளியில் வேறுவிதமாகவும் திரிந்து கிடக்கும். எழுத்து தேய்ந்து மறைந்தாலும் அடியிலுள்ள திரிபு தங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர், வழவழவென்று தேய்ந்த வெள்ளிக் காசைப் பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் வைத்தால் மறைந்த எழுத்துகள் தெரிவதை விவரித்திருக்கிறார். திரிந்த இடமும் திரியாத இடமும் சூட்டில் வெவ்வேறு வேகத்தில் நிறம் மாறுவதுதான் காரணம். துப்பாக்கியில் அராவி அழித்த எண்ணைத் தடயவியல் கூடத்தில் அமிலம் தடவி மீட்பதும் இதே தத்துவம்தான். வீட்டு அடுப்பில் முயன்று பாட்டியின் காசைக் கெடுத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

இவ்வளவு இருக்க, பழைய காசு என்றால் 'அரிசியை இழுக்குமா' என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களே அதிகம். இழுக்காது. வெள்ளியும் செம்பும் காந்தத்துக்கே மசியாதவை, அரிசியை எங்கே இழுப்பது? கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் ராமர் படமும் போட்ட 'சக்தி' காசுகள் கம்பெனி அடித்தவையே அல்ல. அரிசியை இழுக்கும் என்று சொல்லிக் காசு விற்கும் இந்த மோசடியில் மக்கள் இழந்த பணத்தில் ஒரு சிறு பங்கு இருந்தால் போதும், மாவட்டத்துக்கு ஒரு உருப்பெருக்கியும் அதன்முன் உட்கார ஒரு ஆளும் வைக்கலாம். கேட்டால் நிதி இல்லை என்பார்கள்.

மிச்சம் விளிம்புத் திட்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பின் வரிகளை மூடிக்கொண்டு வழிந்து உறைந்த பற்றாசு அது. காசில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்து, பிறகு கழற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவர் விலையைக் குறைப்பார், நீங்கள் கொடுக்காதீர்கள். ஏனென்றால் திட்டு இருப்பது ராணியின் கிரீடத்துக்கு மேலே அல்ல, மார்புக்குக் கீழே. எதிரே நிற்பவருக்கு ராணி தலைகீழாகத்தான் தொங்கியிருப்பார். அணிந்தவர் குனிந்து பார்க்கும்போது மட்டும் நேராகத் தெரிந்திருப்பார்.