கஞ்சா, விலக்கு, குற்றநீக்கம்: ஒரு சொல் விளக்கம்

சேலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த சொற்போருக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ‘கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா?’ என்பது தலைப்பு. ஆதரித்துப் பேசிய மாணவி போர்ச்சுக்கல் நாட்டைச் சான்றாகக் காட்டினார். எதிர்த்துப் பேசிய மாணவர், தெருவுக்குத் தெரு டாஸ்மாக் கடை இருப்பதைப் போலக் கஞ்சாக் கடையும் வரவேண்டுமா என்று கேட்டு அரங்கைக் கைதட்ட வைத்தார். இருவரும் நன்றாகவே பேசினர். ஆனால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் விடை சொல்லவே இல்லை. போர்ச்சுக்கலில் போதைக்காகக் கஞ்சாவை விற்க யாருக்கும் உரிமம் கொடுக்கவில்லை என்பதால், அந்த மாணவர் அஞ்சிய கடையும் அந்த மாணவி புகழ்ந்த ஏற்பாடும் வெவ்வேறு பொருள்கள். தீர்ப்புச் சொல்ல எழுந்தபோதுதான், பிழை பேச்சாளர்களிடம் இல்லை, தலைப்பில் நின்ற சொல்லில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

முதலில் கஞ்சா என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இது வடமொழியின் ‘கஞ்ஜா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. அம்மொழியில் அச்சொல்லுக்கு மதுச்சாலை என்ற பொருளும் உண்டு. தமிழில் மொழிக்கு முதலில் நிற்கும் ககரம் வல்லொலியாகவே ஒலிக்கும், மெல்லெழுத்தை அடுத்து வரும் சகரம் மெலிந்து ஒலிக்கும் என்பதால், வடநாட்டார் முதலெழுத்தை மெலித்துச் சொல்வதை நாம் வலித்துச் சொல்கிறோம். எழுத்தில் வடமொழி ஒலிக்குறி எதுவும் தேவைப்படாமல் தமிழ் ஒலிப்பு முறைக்கு இயல்பாகப் பொருந்திவிட்ட கடன்சொல் இது. கஞ்சியோடும் கஞ்சனோடும் இதற்கு உறவு கற்பிப்பது விளையாட்டுப் பேச்சு. இந்தியாவிலிருந்து 1845 முதல் ஜமைக்காவுக்குக் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு இச்சொல்லும் சென்றது. அத்தீவில் இன்றும் இச்செடிக்கு அதே பெயர்தான் வழங்குகிறது. அமெரிக்க வழக்கான ‘மரிஜுவானா’ மெக்சிகோவின் ஸ்பானிய மொழி வழியாக வந்தது. 1937இல் அந்நாட்டு வரிச்சட்டம் ஒன்றின் பெயரிலேயே இடம்பெற்றது. நம் இதழ்கள் சில, மரிஜுவானா என்பது ஏதோ வெளிநாட்டுப் பொருள் என்றும் கஞ்சா என்பது உள்ளூர்ச் சரக்கு என்றும் தோன்றும்படி எழுதுகின்றன. செடி ஒன்றுதான்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் கஞ்சா என்பது முழுச்செடி அன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், செடியின் பூத்த அல்லது காய்த்த நுனியை மட்டுமே கஞ்சா என்கிறது. நுனியோடு சேராமல் தனித்து வரும் இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. பிசினைத் தனியே பிரித்தால் அது சரஸ். இலையை அரைத்து உண்ணும் பாங்கு, உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுவது இந்த வரையறையின் இடுக்கில்தான். பாங்கு என்பதே நம் மருத்துவ நூல்களில் ‘பங்கி’ என்று வரும் சொல். சித்த மருத்துவ வழக்கில் சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பெயர்களும் இச்செடிக்கு உண்டு. தனித்தமிழ் வேண்டுவோர் இவற்றுள் ஒன்றைப் பொதுவழக்குக்குக் கொண்டுவரலாமே என்று கேட்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்துப் பெயரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் மருத்துவருக்கும் தொல்லை, வழக்கறிஞருக்கும் தொல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்பவர்கள் எவரும் ‘குளம்பி’ பறிக்கப் போகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஊரார் வாயில் உருண்டு தமிழாகிவிட்ட சொல்லை வெளியே தள்ளுவது மொழிக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

மாறாக, திருத்தம் உண்மையிலேயே வேண்டிய இடம் ஒன்று உண்டு. போதைக்காக அல்லாமல் நாருக்காகவும் விதைக்காகவும் இச்செடியைப் பயிரிட அரசு இசைவளிக்கலாம் என்று மேற்சொன்ன சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. உத்தராகண்டம் அவ்வாறு உரிமம் வழங்கத் தொடங்கியது. அந்தச் செய்தியைத் தமிழாக்கியவர்களில் சிலர் ‘சணல் பயிரிட அனுமதி’ என்று எழுதிவிட்டனர். சணல் என்றதும் நமக்குக் கோணிச்சாக்குதான் நினைவுக்கு வரும். அது வங்காளத்தில் விளையும் வேறொரு செடியின் நார். அதே பெயரின் மூத்த வடிவத்தைத் தாங்கியிருப்பது, நம் உழவர்கள் நெல்லுக்கு முன் விதைத்து, மஞ்சள் பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழும் சணப்பு. அது அவரைக் குடும்பத்துப் பசுந்தாள் உரப்பயிர். ஆக, ஒரு பெயர்க்குடும்பம் மூன்று செடிகளுக்கு நடுவே தடுமாறுகிறது. பெயர் இவ்வாறு செடிவிட்டுச் செடி தாவுவது சேலத்தாருக்குப் புதிதன்று: தென்கிழக்காசியப் பனை ஒன்றின் மாவுக்கு உரிய பெயரைத்தான் நாம் குச்சிக்கிழங்கு மாவில் திரட்டும் ஜவ்வரிசிக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். ஜவ்வரிசியால் எவரும் சிறைக்குப் போவதில்லை. கஞ்சாவில் சொல் தாவினால் ஓர் உழவர் எதை விதைக்கலாம், எதை விதைத்தால் கைதாவார் என்பதே குழம்பிப்போகும். நாருக்காக வளர்ப்பதை ‘நார்க்கஞ்சா’ என்று எழுதுவதே தெளிவு என்பேன்.

இனி சிக்கலான பகுதிக்கு வருவோம். தமிழில் தடையைக் குறிக்க ‘விலக்கு’ என்று ஒரு சொல் உண்டு. அது சேலத்தோடு தனி உறவுடையது. 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த இராஜாஜி மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் இவ்வூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அன்றுமுதல் ‘விலக்கு’ என்றால் இவ்வட்டாரத்தில் கள்ளுக்கடை மூடப்பட்டது என்று பொருள். ஆனால் வரிவிலக்கு என்று சொல்லும்போது அதே சொல் நேர்மாறாக நிற்கிறது. வரியைத் தடுப்பதை அன்று, வரிக்கடமையிலிருந்து ஒருவரை விடுவிப்பதையே அது குறிக்கிறது. விலக்குதல் என்பது ஒன்றை அப்புறப்படுத்துவது. அப்புறப்படுத்தப்படுவது பொருளா, அப்பொருளின் மேலுள்ள சுமையா என்பதை முன்னே நிற்கும் சொல்லும் உலக வழக்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதை அறியாமல் ‘கஞ்சா விலக்கு’ என்று தலைப்பிட்டால், தடை செய்யச் சொல்கிறார்களா, தண்டனையிலிருந்து விடுவிக்கச் சொல்கிறார்களா என்று படிப்பவர் விழிக்க வேண்டியதுதான்.

இன்னொரு முரணையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இராஜாஜி காலத்து அந்த 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டாஸ்மாக் கடைகளில் சில்லறை விற்பனை நடப்பதற்கான 2003ஆம் ஆண்டு விதிகளும் அந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே எழுதப்பட்டவை. மதுவை விற்கும் அதிகாரத்தை மதுவிலக்குச் சட்டமே வழங்குகிற நாட்டில், ‘சட்டபூர்வம்’ என்ற சொல் கேட்பவர் மனத்தில் என்ன படத்தை எழுப்பும் என்பதை அந்தச் சொற்போர் மாணவர் சரியாகவே காட்டினார். சட்டபூர்வமாக்கல் என்றால் உரிமம், கடை, வரி, தர ஆய்வு, வயது வரம்பு ஆகியவற்றோடு பொருளை அரசு ஏற்றுக்கொள்வது. உருகுவே 2013இல் சட்டம் இயற்றியதும், கனடா 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறைப்படுத்தியதும் இதுவே.

மற்றொன்றுக்குத்தான் தமிழில் நிலையான சொல் இல்லை. செயல் தடைசெய்யப்பட்டதாகவே இருக்கும். ஆனால் அதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பமாட்டார்கள். போர்ச்சுக்கல் 2001 ஜூலை முதல் பின்பற்றுவது இம்முறை. பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவைத் தன் தேவைக்கு வைத்திருப்பவர், குற்றவியல் நீதிமன்றத்துக்கு மாறாக, சட்டம், மருத்துவம், சமூகநலம் ஆகிய துறைகளை அறிந்தவர்களைக் கொண்ட குழுவின் முன் நிறுத்தப்படுகிறார். விற்பவருக்கு அங்கே இன்றும் சிறைதான். நெதர்லாந்தின் ஏற்பாடு இவ்விரண்டிலும் சேராது. சட்டத்தில் தடை இருக்க, குறிப்பிட்ட கடைகளில் சிற்றளவு விற்பனையை அரசு பொறுத்துக்கொள்கிறது. அதற்குக் ‘கண்டும் காணாமை’ என்று நம்மிடம் அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது, கொள்கைக்கும் அதுவே போதும்.

போர்ச்சுக்கல் பின்பற்றும் அந்த இரண்டாவது முறைக்குப் பலரும் ‘குற்றநீக்கம்’ என்று எழுதுகிறார்கள். பார்வைக்கு நல்ல சொல்தான். ஆனால் குற்றம் என்ற தமிழ்ச்சொல் நெடுங்காலம் குறை, பிழை என்ற பொருளிலேயே வழங்கி வந்தது. திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ அதிகாரம் மனத்தின் குறைகளைக் களைவதைப் பற்றியது. அந்த அதிகாரத்திலேயே ‘தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றங் காண்கிற்பின்’ என்று ஒரு குறள் தொடங்குகிறது. அங்கே குற்றம் நீக்குதல் என்பது குற்றத்தையே ஒழிப்பது. ஆகையால் ‘கஞ்சா குற்றநீக்கம்’ என்று படிப்பவர், கஞ்சாவால் விளையும் குற்றங்களைக் காவல்துறை ஒழிக்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டால் அவர்மேல் தவறில்லை. நீக்க வேண்டியது குற்றத்தை அன்று, ஒரு செயலுக்கு ஒட்டப்பட்டிருக்கும் ‘குற்றம்’ என்ற வகைப்பாட்டை. எனவே ‘குற்றவகை நீக்கம்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். சற்று நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க இடமில்லை.

சட்டபூர்வமாக்கலுக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை என்று முன்பு எண்ணியிருந்தேன். இப்போது ‘சட்ட இசைவு’ என்பதை விரும்புகிறேன். சட்டம் என்பது மரச்சட்டம், எழுதச் செதுக்கிய பனையோலை என்ற பொருள்களில் வழங்கி, ஒழுங்கு, விதி என்று விரிந்த சொல். அந்தச் சட்டகத்துக்குள் ஒன்றைப் பொருத்தி இசையவைப்பதே இங்கு நடப்பது.

வேறுபாடு விளங்க உள்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று போதும். பிறன்மனை உறவைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கியது. அதற்காக அவ்வுறவுக்கு அரசு இசைவளித்துவிட்டது என்று சொல்ல முடியாது; மணமுறிவு கோர அது இன்றும் ஏற்கத்தக்க காரணம். சிறை போயிற்று, தவறு என்ற நிலை போகவில்லை. குற்றவகை நீக்கம் என்பது இதுதான்.

கஞ்சாவைப் பொறுத்தவரை இங்கே இரண்டுமே நிகழவில்லை. தன்பாத்திலிருந்து ஆலப்புழா செல்லும் விரைவு ரயிலில் சேலம் அருகே பொட்டலங்கள் பிடிபட்டன என்ற செய்தியை உள்ளூர்ப் பக்கங்களில் அடிக்கடி காணலாம். அச்செய்திகளில் எடை தவறாமல் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ வரை சிற்றளவு; ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. பத்தாண்டுக்குக் குறையாத, இருபதாண்டு வரை நீளக்கூடிய சிறையும், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும். இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. புகைத்ததற்கு மட்டும் தனிப்பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நீதிபதி அபராதம் மட்டும் விதித்தாலும் அது குற்றத் தீர்ப்புதான். வேலைக்குப் போகிற இளைஞனின் பின்னால் அது வந்துகொண்டே இருக்கும். ‘அபராதம் மட்டும் என்றால் குற்றமில்லை என்று பொருள்தானே’ என்று மாணவர் ஒருவர் கேட்டார். வேடிக்கை என்னவென்றால், அபராதம் என்ற வடசொல்லுக்கே குற்றம் என்றுதான் பொருள்; தமிழில்தான் அது குற்றத்துக்குக் கட்டும் பணமாக மாறியது. குற்றவகை நீக்கத்தின்போது வாங்கும் தொகையை இந்தச் சொல்லால் குறிப்பது, வாசல் வழியாக அனுப்பியதைச் சன்னல் வழியாக அழைப்பதாகும். ‘தண்டத்தொகை’ என்றாலும் தண்டனை வந்து நுழைகிறது. ‘ஒழுங்குக் கட்டணம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பர் 2 அன்று 27க்கு 25 என்ற வாக்குகளில் கஞ்சாவைப் போதைப்பொருள் பற்றிய உலக உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து எடுத்தபோது, ஐ.நா. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டது என்று எண்ணியவர்கள் உண்டு. இந்தியா அந்த மாற்றத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தது. முதல் அட்டவணையின் கட்டுப்பாடு அப்படியே தொடர்கிறது. அதற்கு உரிய சொல் அட்டவணை மாற்றம். அதற்கு மேல் எதுவுமில்லை.

நடுவர் தன் சார்பைச் சொல்லக்கூடாது என்பது மரபு. சொல் விளக்கம் எழுதுபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் சொல்கிறேன்: புகைத்தவரைப் பொறுத்தவரை குற்றவகை நீக்கத்தை ஏற்பேன், அவரைச் சிறையில் வைக்க ஆகும் பணத்துக்கும் படுக்கைக்கும் மருத்துவமனையே உரிய இடம். சட்ட இசைவை ஏற்கமாட்டேன், ஏனெனில் விற்பனையால் வருவாய் காணத் தொடங்கிய அரசு அதைக் குறைக்க முனைவது அரிது என்பதற்கு இவ்வூரின் வரலாறே போதும். என் மாணவர்களில் சிலர் இதை மறுக்கிறார்கள். மதுவுக்கு இசைவு, கஞ்சாவுக்குச் சிறை என்பது எந்த நீதி என்ற அவர்களுடைய கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

அடுத்த முறை ‘கஞ்சா: குற்றவகையிலிருந்து நீக்கலாமா, சட்ட இசைவு தரலாமா, தடையைத் தொடரலாமா?’ என்று தலைப்பு வைக்கும்படி எழுதிக் கொடுத்தேன். பதாகையில் இவ்வளவுக்கு இடம் போதாது என்றார்கள். எழுத்தைச் சிறிதாக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.