கடைசி அறைக்கு மட்டும் ஏன் நெட் வருவதில்லை?

"கடைசி பெட்ரூம்ல மட்டும் நிக்குது சார், இன்னொரு மெஷ் பெட்டி வச்சிடலாமா?" நெட்வொர்க் வேலைக்குப் போகும் வீடுகளில் அடிக்கடி கேட்பது இதுதான். (ரவுட்டரின் வைஃபையை வாங்கி அடுத்த அறைக்குக் கடத்தும் கருவிதான் மெஷ் பெட்டி.) பல நேரம் என் பதில்: வேண்டாம், இருப்பதில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்.

ஒரே ரேடியோ, ஒரே சேனல் (அலைவரிசைத் துண்டு) உள்ள மெஷ் பெட்டியால் ஒரே சமயத்தில் வாங்கவும் கொடுக்கவும் முடியாது. கேபிள் இல்லாமல் தரவு ஒருமுறை பெட்டி மாறினாலே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்னொருமுறை மாறினால் மூன்றில் ஒரு பங்குதான். போனில் சிக்னல் கோடு என்னவோ முழுதாகத் தெரியும்!

அதைவிடப் பெரிய சிக்கல், முறை வைப்பதில் இருக்கிறது. வைஃபையில் முறை வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. காற்றில் சத்தமில்லை என்றால் ஒரு தற்செயல் எண் வரை எண்ணிவிட்டு அனுப்பலாம். அந்த எண்ணின் உச்சவரம்பு வழக்கமாக 15. இருவர் ஒரே சமயத்தில் அனுப்பி மோதினால் அது 31, 63 என்று 1023 வரை ஏறும். ஜெயித்தவருக்கோ உடனே 15-க்கு இறங்கிவிடும். ஆக, தோற்றவர் மேலும் தோற்பார். ஆய்வாளர் வடுவூர் பார்கவன் குழுவினர் 1994-ல் வெளியிட்ட மகாவ் (MACAW) என்ற கம்பியில்லா நெட்வொர்க் நெறிமுறை, காத்திருப்பு எண்ணை அனுப்பும் தரவுப் பொட்டலத்திலேயே (பாக்கெட்) எழுதி எல்லோரும் அதையே பின்பற்றும்படி செய்தது. வைஃபை அந்த வழியை எடுத்துக்கொள்ளவில்லை.

வாய்ப்பு சமமாகக் கிடைத்தாலும் நேரம் சமமாவதில்லை. 1,500 பைட் தரவு 54 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகத்தில் கால் மில்லிவிநாடிக்குள் போய்விடும். தூரத்து அறையில் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிய பழைய போனுக்கு 12 மில்லிவிநாடி வேண்டும். அதுவரை வீடே வாயை மூடிக் காத்திருக்கும். ரவுட்டரில் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' (எல்லாக் கருவிக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கிடும் வசதி) இருந்தால் போடுங்கள். 1, 2 எம்பிபிஎஸ் வேகங்களை மூடிவிடுங்கள். பழைய பிரிண்டர் முரண்டு பிடித்தால் மட்டும் திரும்பத் திறக்கலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். காலியாகத் தெரிகிறதே என்று 3-ஐ வைப்பவர்கள் உண்டு. அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரராவது நம் பேச்சைக் கேட்டுப் பொறுப்பார். நம் சேனலோடு பாதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் சேனலில் இருப்பவருக்கு நாம் வெறும் இரைச்சல்.

முடிந்தால் பெட்டிகளுக்கு இடையே கேபிள் இழுத்துவிடுங்கள். டைல்ஸ் உடைக்க வேண்டுமே என்று பயப்படுகிறவர்கள், டிவி கேபிள் போகும் பைப்பில் இடமிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேளுங்கள்.